கடல்மீன் தொட்டிக்கு வீட்டிலேயே சுத்தத் தண்ணீர்: மெஷினுக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள்

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு தொட்டி என்றால் கணக்குப்படி 680 லிட்டர். கல்லும் மணலும் போட்டால் கொஞ்சம் குறையும், கீழே சம்ப் (ஃபில்டர் வைக்கும் துணைத் தொட்டி) வைத்தால் அது திரும்பக் கூடிவிடும். ஆக ஒரு 650 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவையும் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 0-க்குக் கொண்டுவந்த பிறகுதான் உப்பு மூட்டையைப் பிரிக்க வேண்டும். கேன் தண்ணீரை ஊற்றினால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. அது குடிக்கிறதுக்குச் செய்த தண்ணீர், ருசிக்காகக் கொஞ்சம் உப்பை விட்டுத்தான் வைத்திருப்பார்கள்.

எல்லோரும் எந்த ஆர்.ஓ. மெஷின் வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மெஷினில் பெரிய வித்தியாசம் இல்லை, உள்ளே போகிற தண்ணீரில்தான் எல்லாமே இருக்கிறது. கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வரும் ஏரியா என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர், டிடிஎஸ் மீட்டரை விட்டால் 100-க்குக் கீழேதான் நிற்கும். அதே வீட்டு போர் தண்ணீர் 1000, 1500 என்று காட்டும், திருப்பூர் பக்கம் சில இடங்களில் 2000-ஐயும் தாண்டும். நல்ல ஆர்.ஓ. மெம்பரேன் (உப்பை வடிகட்டும் சவ்வு) நூற்றுக்கு 97 பங்கு உப்பைத் தள்ளிவிடும் என்று வைத்தால், 80-ல் ஆரம்பித்த தண்ணீர் இரண்டு மூன்றாக வெளியே வரும், 1500-ல் ஆரம்பித்தது 45-ஆக வரும். மிச்சத்தை உறிஞ்ச வேண்டியது டி.ஐ. ரெசின், கரைந்த உப்பைப் பிடித்துக்கொள்ளும் சின்னச் சின்ன மணிகள். ஒரு லிட்டர் ரெசின் 45-ல் வரும் தண்ணீரை ஐந்நூறு லிட்டர் சுத்தம் செய்தாலே பெரிய விஷயம், உங்கள் தொட்டி ஒரு தடவை நிரம்புவதற்குள்ளேயே அது செத்துவிடும். இரண்டு மூன்றில் வரும் தண்ணீர் என்றால் அதே ரெசின் ஆயிரக்கணக்கான லிட்டர் தாங்கும். இதில் காசு கரைகிற இடம் ரெசின்தான். அதனால் நல்ல தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வந்தாலும் பரவாயில்லை, அதைத் தரைத்தொட்டியில் பிடித்து வைத்து அதையே மெஷினுக்கு விடுங்கள்.

சமையலறையில் இருக்கும் ஆர்.ஓ.வையே உபயோகிக்கலாமா என்றால், உபயோகிக்கலாம், ஆனால் அதற்குள் சில வேலை இருக்கிறது. டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும், அது பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் சுத்தத் தண்ணீரோடு கலக்கிறது, அதை முழுசாக மூட வேண்டும். மினரல் கார்ட்ரிட்ஜைக் கழற்ற வேண்டும். காப்பர் என்று போட்டு விற்கிற மாடல் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள், செம்பு கொஞ்சம் கலந்தாலும் பவளமும் இறாலும் பிழைக்காது. இதே காரணத்துக்காக மெம்பரேனைத் தாண்டி எங்கேயும் பித்தளை ஃபிட்டிங் வேண்டாம். என்னைக் கேட்டால் தனியாக ஒரு செட் பூட்டிக்கொள்வதுதான் மேல், ஆர்.ஓ. சர்வீஸ் செய்கிறவர்களிடம் எல்லாப் பார்ட்ஸும் உதிரியாகவே கிடைக்கும்.

வரிசை இதுதான்: முதலில் 5 மைக்ரான் ஸ்பன் ஃபில்டர், அடுத்து கார்பன் பிளாக், பூஸ்டர் பம்ப், 75 அல்லது 100 ஜிபிடி (ஒரு நாளைக்கு இத்தனை கேலன்) மெம்பரேன், கடைசியில் டி.ஐ. ஹவுசிங் (ரெசின் போடும் குடுவை) இரண்டு. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது மெம்பரேனைத் தின்றுவிடும் என்பதால் கார்பனைத் தள்ளிப்போடாமல் மாற்றுங்கள். போர் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் சுண்ணாம்பு மெம்பரேனில் படிந்து அடைக்கும். அபார்ட்மென்டில் சாஃப்ட்னர் (தண்ணீரின் சுண்ணாம்பை எடுக்கும் கருவி) இருந்தால் அதற்குப் பிறகு வரும் லைனில் இணையுங்கள். புது மெம்பரேன் போட்டால் முதல் ஒரு மணி நேரத் தண்ணீரைக் கீழே விடுங்கள், கெடாமல் இருக்கப் போட்ட மருந்து அதில் இருக்கும்.

டி.ஐ. ஹவுசிங் நேராக நிற்க வேண்டும், தண்ணீர் கீழிருந்து மேலே ஏற வேண்டும், ரெசினைத் தட்டித் தட்டி இறுக்கமாக நிரப்ப வேண்டும். இடைவெளி இருந்தால் தண்ணீர் அதில் வழி கண்டுபிடித்து ரெசினைத் தொடாமலே ஓடிவிடும். இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள். முதலாவது தீர்ந்ததும் இரண்டாவதை முன்னால் தள்ளி, புதுசை பின்னால் போடுங்கள். மீட்டர் 1 காட்டினாலே மாற்றிவிடுங்கள். ரெசின் தீரும்போது பிடித்து வைத்த சிலிக்காவைத்தான் முதலில் விடும், அதை மீட்டர் சரியாகக் காட்டாது, தொட்டிக் கண்ணாடியில் பழுப்புப் பாசியாகத்தான் தெரியவரும்.

போர் தண்ணீரை விட்டால் வேறு வழியில்லை என்பவர்கள் இதைக் கவனியுங்கள். நிலத்தடி நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு நிறைய இருக்கலாம், வாயு என்பதால் அது மெம்பரேனில் அப்படியே புகுந்து வந்துவிடும், மீட்டரிலும் அவ்வளவாகத் தெரியாது, நேராகப் போய் ரெசினைக் காலி செய்யும். ஆர்.ஓ. தண்ணீர் கம்மியாகத்தானே காட்டுகிறது, ரெசின் ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது என்று குழம்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பதில். ஆர்.ஓ. தண்ணீரை முதலில் ஒரு டிரம்மில் பிடித்து, ஏர் பம்பில் ஏர் ஸ்டோன் மாட்டி ராத்திரி முழுக்கக் குமிழ் விடுங்கள். காலையில் சின்ன பம்ப் வைத்து மெதுவாக ரெசினுக்குள் தள்ளுங்கள்.

டிரம் என்றதும் பழைய நீல டிரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று போய்விடாதீர்கள். சாயத்துக்கும் கெமிக்கலுக்கும் வந்த டிரம்களும் அதில் கலந்திருக்கும், நாலு தடவை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறினது போகாது. புதுசு வாங்குங்கள்.

ஓட்டும்போது ஒரு விஷயம். மெஷின் நின்று மறுபடி ஆரம்பிக்கும் முதல் சில நிமிடம் டிடிஎஸ் எகிறி நிற்கும். டி.ஐ.க்கு முன்னால் ஒரு டீ ஜாயின்ட்டும் (மூன்று வழி இணைப்பு) வால்வும் போட்டு அந்தத் தண்ணீரை வெளியே விடுங்கள். அதனால்தான் அரை மணி, அரை மணியாக ஓட்டாமல் நாலைந்து மணி நேரம் சேர்த்து ஓட்டச் சொல்வது. வீட்டு செட் மணிக்குப் பத்து லிட்டர் சுமாருக்குத் தரும், 650 லிட்டருக்கு ஒன்றிரண்டு வாரம் ஆகலாம், அவசரப்படாதீர்கள். பம்பின் அடாப்டர் சூடானால் ஓய்வு கொடுங்கள். ஃப்ளோட் வால்வு (நிரம்பினால் தானே தண்ணீரை அடைக்கும் மிதவை வால்வு) இல்லாமல் தூங்கப் போகாதீர்கள்.

முதல் தடவை, உயிர் எதுவும் இல்லாதபோது, உப்பைத் தொட்டியிலேயே கலக்கலாம். லிட்டருக்கு 35-லிருந்து 40 கிராம், அதாவது 650 லிட்டருக்கு 23-லிருந்து 26 கிலோ அக்வேரியம் உப்பு. சமையல் உப்பு இல்லை. ஓடுகிற தண்ணீரில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், உப்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகப் படிந்துவிடும். ஒரு நாள் சுழலவிட்டு உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025, 1.026 வருகிறதா பாருங்கள்.

ஒரு பங்கு நல்ல தண்ணீருக்கு மூன்று பங்கு வேஸ்ட் போகும், முதல் நிரப்பலுக்கே இரண்டாயிரம் லிட்டர் கிட்ட. சிறுவாணி வேஸ்ட் என்றால் துணி துவைக்கலாம், செடிக்கு விடலாம். 1500-ல் ஆரம்பித்த போர் தண்ணீர் 2000-ஆக வெளியே வரும், அதைக் கறிவேப்பிலைக்கு ஊற்றாதீர்கள், தென்னைக்கு விடுங்கள், இல்லையென்றால் வாசல் கழுவுங்கள்.

நிரப்பிய பிறகு ஆவியாகிப் போவதற்கு ஈடாக உப்பில்லாத டி.ஐ. தண்ணீர் மட்டும்தான் விட வேண்டும், ஏனென்றால் உப்பு ஆவியாவதில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுகிற ஆனி, ஆடியில் மட்டம் வழக்கத்தைவிட வேகமாக இறங்கும், அதற்கென்று ஒரு டிரம் தனியாக நிறைத்து, கொசு முட்டை வைக்காதபடி மூடி வையுங்கள்.