அம்மா வீட்டில் பொருள் காணாமல் போகிறது, சந்தேகம் சொந்தக்காரர் மேல்: என்ன செய்யலாம்?

நங்கநல்லூரில் அம்மா தனியாக இருக்கிறார், அப்பா தவறி ஆறு வருடம் ஆகிறது. போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போய்விட்டு வந்து பீரோவைத் திறந்தால் இரண்டு வளையலைக் காணோம். வாசல் பூட்டு உடையவில்லை, ஜன்னல் கம்பி வளையவில்லை, பீரோ சாவி எப்போதும் போலப் புடவை அடுக்குக்கு அடியிலேயே இருக்கிறது. நாங்கள் எல்லோரும் முதலில் அம்மாவைத்தான் கேட்டோம், எங்கேயாவது மாற்றி வைத்திருப்பாய், நன்றாகத் தேடிப்பார் என்று. அப்படிக் கேட்டது இன்னும் எனக்கு உறுத்துகிறது. ஒன்றரை மாதம் கழித்து சாமி அலமாரியிலிருந்த வெள்ளிக் குத்துவிளக்கு போனது. அதுவும் சனிக்கிழமை, அதுவும் கோயில் நேரம்.

எங்களுக்குச் சந்தேகம் ஒருவர் மேல், நெருங்கிய சொந்தம். என்ன உறவு என்று எழுத மாட்டேன், ஏனென்றால் கையில் இருப்பது சந்தேகம் மட்டும்தான். வெளியே சொல்லவும் முடியாமல் சும்மா இருக்கவும் முடியாமல் இதே நிலைமையில் தவிப்பவர்களுக்காக, நாங்கள் செய்ததையும் முன்பே செய்திருக்க வேண்டியதையும் எழுதுகிறேன்.

வெளியாள் திருடன் பூட்டோடு மல்லுக்கட்ட வேண்டும். சொந்தக்காரருக்கு அந்த வேலையே இல்லை. சாவி எங்கே தொங்குகிறது, அம்மா எந்தக் கிழமை எத்தனை மணிக்குக் கிளம்புவார், நகை எந்தத் தட்டில் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும், மணி அடித்தால் அம்மாவே கதவைத் திறந்து காபியும் போட்டுக் கொடுப்பார். ஆகவே பெரிய பூட்டாக வாங்கி மாட்டுவது மட்டும் போதாது, அவருக்குத் தெரிந்த விஷயங்கள் ஒவ்வொன்றையும் மாற்ற வேண்டும்.

அதற்கு முன்னால் ஒன்று. பொருள் உண்மையிலேயே போயிருக்கிறதா என்று அமைதியாக உறுதி செய்துகொள்ளுங்கள். வயதானவர்களுக்கு மறதி நோய் தொடங்கும்போது, வைத்த இடம் மறந்துபோய் யாரோ எடுத்துவிட்டார்கள் என்று சொல்வது உண்டு, அது நோயின் அறிகுறிதான். சீப்பு, துண்டு, மூக்குக் கண்ணாடி என்று யாருக்கும் பயன்படாத பொருளெல்லாம் திருட்டுப் போகிறது என்று சொன்னால், பூட்டுக்கடைக்குப் போவதற்கு முன் முதியோர் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அப்படி இல்லையென்றால் அம்மா சொல்வதை நம்புங்கள். இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும், வீட்டு வேலைக்கு வருகிறவர் மேல் எடுத்த எடுப்பில் பழி போடாதீர்கள். எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு எழுந்தது. பதினோரு வருடமாக அம்மாவைப் பார்த்துக்கொண்டவர் அவர். இரண்டு தடவையும் அவர் வராத நேரத்தில்தான் பொருள் போயிருக்கிறது, அதைக்கூட யோசிக்காமல் பேசினோம்.

சரி, ஒரு பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு நகையையும் வெளிச்சத்தில் வைத்துப் போட்டோ, எடை எத்தனை கிராம், ரசீது இருந்தால் அதன் போட்டோ. 2023 ஏப்ரலிலிருந்து விற்கிற ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி குறி பொறித்திருக்கும், அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து எழுதிக்கொள்ளுங்கள். பழைய நகையில் அது இருக்காது, அதற்குக் கல்யாண ஆல்பம் உதவும். எங்கள் அம்மாவின் வளையலுக்கு 1987ஆம் வருடத்துக் கருப்புவெள்ளைப் படம் ஒன்றுதான் கிடைத்தது. அடகுக் கடைகளில் விசாரிக்கிற போலீஸ்காரருக்கு, தங்க வளையல் இரண்டு என்று வாயால் சொல்வதைவிட அந்தப் படம் எவ்வளவோ மேல்.

அப்புறம் சாவி. வீட்டுக்கு மொத்தம் எத்தனை சாவி என்று எண்ணிப் பாருங்கள். எங்களுக்குத் தெரிந்தது மூன்று. உட்கார்ந்து யோசித்தபோது அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒன்று போட்டுக் கொடுத்தோம், பெயிண்ட் அடித்தபோது ஒன்று கைமாறியது, அது திரும்பி வந்ததா என்று யாருக்கும் நினைவில்லை. சாவியைத் திருப்பிக் கேட்பதில் பிரயோஜனமே இல்லை, பக்கத்துத் தெருவில் பத்து நிமிடத்தில் அதே மாதிரி இன்னொன்று போட்டுவிடலாம். பூட்டையே மாற்றுங்கள். சிலிண்டர் வகைப் பூட்டு என்றால் சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும். தொங்கு பூட்டு என்றால் ஏழு லீவர், அதாவது சாவி நகர்த்துகிற உள்தகடு ஏழு, உள்ளதாக வாங்குங்கள். வாசல், கொல்லை, மாடி எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றதின் வழியாக வருவார். மாற்றுச்சாவி ஒன்று உங்களிடம், ஒன்று நம்பிக்கையான எதிர்வீட்டில். சாவியை வெளியே ஒளித்து வைக்க வேண்டாம், துளசி மாடம், மீட்டர் பெட்டி, செருப்பு ஸ்டாண்ட், இந்த மூன்றும் நம் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த இடங்கள்.

புதுப்பூட்டைப் பார்த்துவிட்டுக் கேட்பவர்களிடம் பழசு தேய்ந்துவிட்டது, மாற்றினோம் என்று சொன்னால் போதும். யாரையும் பார்த்துச் சொல்கிற மாதிரி சொல்ல வேண்டாம்.

மொட்டை மாடிக் கதவைத் தயவுசெய்து நேரில் போய்ப் பாருங்கள். அம்மா முழங்கால் வலியால் ஒரு வருடமாக மாடிக்கே போகவில்லை. நான் ஏறிப் பார்த்தபோது கதவின் தாழ்ப்பாள் உள்பக்கம் போட்டுத்தான் இருந்தது, ஆனால் பழைய பச்சைப் பெயிண்டின் மேல் கொண்டிக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்குப் புதிதாக ஒரு கீறல், மரம் வெள்ளையாகத் தெரிந்தது. சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே இருக்கிற சந்தில் ஒரு தட்டையான கம்பியை விட்டு நெம்பினால் தாழ்ப்பாள் நகர்ந்துவிடுகிறது, நானே ஸ்க்ரூடிரைவரை விட்டுச் செய்து பார்த்தேன். மழையில் ஊறி வெயிலில் காய்ந்த மரக்கதவுகளில் இந்தச் சந்து பெரிதாகிக்கொண்டே போகும். தச்சரைக் கூப்பிட்டுச் சந்தை மூடும்படி பட்டை அடித்து, தாழ்ப்பாளுக்குச் சின்ன ஸ்க்ரூவை எடுத்துவிட்டு மறுபக்கம் வரை போகிற போல்ட் நட்டு போடச் சொன்னோம், நட்டு உள்பக்கம் வர வேண்டும். பக்கத்து வீட்டு மாடி ஒட்டி இருந்தால் ஒரு கிரில் கதவும் போட்டுவிடுங்கள்.

வாசலில் மரக்கதவுக்கு முன்னால் கிரில் கேட் இருந்தால் அதுதான் அம்மாவுக்குப் பெரிய துணை. கிரில் பூட்டியபடியே, மரக்கதவை மட்டும் திறந்து, உள்ளே நின்று பேசிப் பழகட்டும். முதலில் அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை, வீட்டுக்கு வந்த மனிதரை வாசலில் நிற்க வைப்பதா என்று. எல்லோருக்கும் அப்படியே செய், கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்கும் எனக்கும் கூட அப்படியே செய் என்று சொன்ன பிறகுதான் சம்மதித்தார். ஒருவருக்கு மட்டும் என்றால் அது அவமானம், எல்லோருக்கும் என்றால் வழக்கம்.

கோயில் நேரத்தை மாற்றச் சொன்னோம், இப்போது சில வாரம் வெள்ளி மாலை, சில வாரம் சனி, எதிர்வீட்டு மாமிக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நாளைக்கு அம்மாவை செக்கப்புக்குக் கூட்டிப் போகிறேன், கும்பகோணம் கிளம்பிவிட்டோம் என்றெல்லாம் போடாதீர்கள், திரும்பி வந்த பிறகு போட்டோ போட்டுக்கொள்ளலாம். கல்யாணம், வளைகாப்பு, பதிமூன்றாம் நாள் காரியம் என்று குடும்பமே ஒரு இடத்தில் கூடும் நாள்தான் மிகவும் ஆபத்தான நாள், வீடு காலி என்று எல்லாச் சொந்தத்துக்கும் தெரியும். அன்றைக்கு வெளியாள் ஒருவரை, நம்பிக்கையான நண்பரையோ குடித்தனக்காரரையோ, வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். நாள் கணக்கில் பூட்டிவிட்டுப் போவதாக இருந்தால் ஏரியா ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், ரோந்து வருகிறவர்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள்.

கேமரா விஷயத்தில் எல்லோரும் செய்கிற தவறை நாங்களும் செய்தோம். வாசலில் ஒரு வைஃபை கேமரா, உள்ளே மெமரி கார்டு. கேமராவையே கழற்றிக்கொண்டு போனால் பதிவும் போய்விடும். அதனால் பதிவு கிளவுடிலும் சேர வேண்டும், அல்லது ரெக்கார்டர் பெட்டியைப் பரணில், பெட்டி படுக்கைக்குப் பின்னால் வைத்துவிட வேண்டும். கரண்ட் போனால் வைஃபையும் போகும், ரவுட்டரையும் கேமராவையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். அம்மா வீட்டு வைஃபையை முதன்முதலில் யார் செட் செய்து கொடுத்தார் என்று யோசியுங்கள், எங்கள் வீட்டில் நாங்கள் சந்தேகப்படுகிற அதே ஆள்தான். பாஸ்வேர்டை மாற்றி, கேமரா ஆப்பில் வேறு யாருடைய போன் சேர்ந்திருக்கிறது என்று பார்த்து நீக்குங்கள். வாசல், மாடிப்படி, கொல்லை, பீரோ இருக்கும் ஹால் போதும். அம்மா உடை மாற்றுகிற அறையில் வேண்டாம், ஹாலில் வைப்பதையும் அம்மாவிடம் சொல்லிவிட்டு வையுங்கள், அது அவர் வீடு. ஏதாவது பதிவானால் அந்த மெமரி கார்டை அப்படியே எடுத்து வையுங்கள், வெட்டி ஒட்டாதீர்கள், குரூப்பில் பரப்பாதீர்கள். கோர்ட்டில் காட்ட, சாட்சியச் சட்டமான 2023ஆம் ஆண்டு பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும்.

எவ்வளவு பூட்டினாலும், எடுக்க எதுவும் இல்லாத வீடுதான் பாதுகாப்பு. தினமும் போடுவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நகையையும் வீட்டு மூலப் பத்திரத்தையும் பேங்க் லாக்கருக்கு மாற்றினோம். லாக்கரைத் திறந்தால் அன்றைக்கே பதிவு செய்த எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். வர வேண்டும் என்பது ரிசர்வ் பேங்க் விதி, எந்த எண் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். லாக்கரில் திருட்டு, தீ என்று பேங்கின் கவனக்குறைவால் நடந்தால் பேங்கின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரைதான், அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அம்மா கையெழுத்துப் போட்டு வைத்திருந்த செக் இரண்டு இருந்தது, கிழித்துப் போட்டேன். ஏடிஎம் கார்டின் பின்னால் பின் நம்பரை எழுதி வைத்திருந்தார், உடனே மாற்றினோம். பத்திரம் ஏற்கெனவே காணவில்லை என்றால், பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கத்தை, அதாவது வீட்டை யாராவது விற்றதாகவோ அடமானம் வைத்ததாகவோ பதிவாகியிருக்கிறதா என்று, இலவசமாகப் பார்க்கலாம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பாருங்கள்.

போலீஸுக்குப் போவதா வேண்டாமா என்று எல்லா வீட்டிலும் சண்டை வரும். என் கருத்து, முதல் தடவையே போக வேண்டும். நாங்கள் போகவில்லை, அதனால் இரண்டாவது தடவை போனபோது வளையலை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டார்கள், பதில் இல்லை. பொருள் போனது தெரிந்தவுடன் பீரோவையும் கதவையும் யாரும் தொடாதீர்கள், 100 அல்லது 112க்குப் பேசுங்கள். புகாரில் என்ன போனது, கடைசியாக எப்போது பார்த்தது, பூட்டு உடையவில்லை என்பது, யார் யாரிடம் சாவி இருந்தது என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள். இன்னார்தான் திருடினார் என்று எழுதாமல், இன்னார் மேல் சந்தேகம், காரணம் இது என்று எழுதுங்கள். மனு ஏற்பு ரசீதான சி.எஸ்.ஆர். வேறு, வழக்குப் பதிவான எஃப்.ஐ.ஆர். வேறு. வீட்டுக்குள் திருட்டு என்பது இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 305ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றம், எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். போட மறுத்தால் உயரதிகாரிக்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பலனில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

ஒரு சிக்கல் உண்டு. சந்தேகப்படுகிற ஆள் உங்கள் கூடப்பிறந்தவர், அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார், வீடு அப்பா பெயரில் இருக்கிறது என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவோடு சேர்த்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கு உண்டு. அவரை அத்துமீறி நுழைந்தவர் என்று சொல்லிப் பூட்டை மாற்றினால் வழக்கு உங்கள் மேல் திரும்பலாம், முதலில் வக்கீலைப் பாருங்கள். வீடு அம்மா பெயரில் இருந்து, மகனோ மகளோ தொந்தரவு செய்தால், 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டத்தின்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். வழி தெரியவில்லையென்றால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

கடைசியாக அம்மாவைப் பற்றி. அவரைக் காவல்காரராக ஆக்காதீர்கள். நாங்கள் தூக்கி வளர்த்த பிள்ளை, அப்படிச் செய்யுமா என்று அம்மா அழுதபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், கேட்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். பணம் கேட்டால் எல்லாம் பேங்கில் இருக்கிறது, மகளிடம் கேள் என்று சொல்லப் பழகட்டும். மிரட்டினால், கையைப் பிடித்தால், கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும், தடுக்கக் கூடாது. போனில் ஒரே பட்டனில் எனக்கு அழைப்பு போகிற மாதிரி வைத்தேன், தமிழ்நாடு போலீஸின் ‘காவல் உதவி’ ஆப்பையும் போட்டு அவசர பட்டனை எப்படி அழுத்துவது என்று நான்கைந்து தடவை காட்டினேன். அந்த ஆள் குடியிலோ ஆன்லைன் ரம்மியிலோ மாட்டிக்கொண்டவர் என்றால் கடனுக்குப் பணம் கொடுக்காமல் சிகிச்சைக்குக் கூட்டிப் போக வழி பாருங்கள், அடையாறு இந்திரா நகரில் டிடிகே மருத்துவமனை இதற்கென்றே இருக்கிறது.

பூட்டு மாற்றி எட்டு மாதம் ஆகிறது, அதன் பிறகு எதுவும் போகவில்லை. வளையல் திரும்பி வரவில்லை. புதுச்சாவியை அம்மா ஆணியில் மாட்டுவதில்லை, ஊக்கில் கோத்து இடுப்பில் சொருகிக்கொள்கிறார், கோயிலில் பிரகாரம் சுற்றும்போது இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.