கண்ணி வாரிய டிராலர்கள்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் மீன்பிடி டிராலர்கள் கடல் கண்ணிவெடி வாரியதைப் பற்றி எழுதும் பலர், வலை போட்டு வெடிகளை அள்ளினார்கள் என்றே எழுதிவிடுகிறார்கள். அள்ளியிருந்தால் கப்பல் மிஞ்சியிருக்காது. அங்கே வலைக்கு வேலையே இல்லை. இரண்டு டிராலர்கள் இடைவெளி விட்டு இணையாகப் போகும். நடுவே ஓர் எஃகு வடம். ‘கைட்’ என்ற கனத்த சட்டம் அதை வேண்டிய ஆழத்தில் அமுக்கிப் பிடிக்கும். கண்ணியை நங்கூரத்தோடு பிணைத்திருக்கும் கம்பி வடத்தில் சிக்கி அறுந்தால், கண்ணி மேலே மிதந்து வரும். பிறகு தூர நின்று துப்பாக்கியால் சுட வேண்டியதுதான்.

மலிவாகக் கிடைத்ததால் டிராலரை எடுத்தார்கள் என்பதும் அரைகுறை விளக்கம். 1907-ல் அட்மிரல் சார்லஸ் பெரஸ்ஃபோர்டு கிரிம்ஸ்பி என்ற ஆங்கிலேய மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் இந்த யோசனையைச் சொன்னார். கனமான வடத்தைச் சுற்றி இழுக்கும் ‘வின்ச்’ என்ற பொறி டிராலரில் ஏற்கெனவே இருந்தது. கொந்தளிக்கும் கடலிலும் அதைக் கையாளத் தெரிந்த ஆட்களும் இருந்தார்கள். மறு ஆண்டே ஆண்டிஸ், அல்கோமா என்ற இரு டிராலர்களை வைத்துச் சோதனை நடந்தது.

பெரிய தவறு டார்டனெல்ஸ் விஷயத்தில். துருக்கியின் இந்த ஜலசந்தியைக் கடக்க பிரிட்டிஷ், பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் முயன்றன; அவற்றுக்கு வழிவிட டிராலர்கள் கண்ணிகளை வார வேண்டியிருந்தது. 1915 மார்ச்சில் மீனவர்கள் பயந்து திரும்பியதால்தான் காரியம் கெட்டது என்று இன்றும் பழி போடுகிறார்கள். வடத்தை இழுத்துக்கொண்டு எதிர் நீரோட்டத்தில் டிராலர் ஊர்ந்துதான் போக முடியும். கரையிலிருந்து தேடுவிளக்கும் பீரங்கியும் விடவில்லை. வடகடலில் ஓதம் ஏறி நீர்மட்டம் உயரும் நேரம் பார்த்து, கண்ணிக்கு மேலாகக் கடந்துவிடலாம். டார்டனெல்ஸில் ஓதம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது; டிராலரின் அடிப்பகுதியே கண்ணியில் முட்டும் அபாயம் இருந்தது. மார்ச் 13 இரவு கடற்படைத் தொண்டர்களை ஏற்றி அனுப்பினார்கள். அவர்கள் துணிந்து முன்னேறியும் வேலை முடியவில்லை. அப்புறமும் மீனவரைக் குறை சொல்வது என்ன நியாயம்?

மார்ச் 18-ல் புவே, இர்ரெசிஸ்டிபிள், ஓஷன் ஆகிய மூன்று போர்க்கப்பல்கள் மூழ்கின. அவற்றுக்கு எமனானது நுஸ்ரெத் என்ற துருக்கிக் கப்பல் பத்து நாள் முன்பு அதே ஜலசந்தியின் எரென்கோய் விரிகுடாவில் கரைக்கு இணையாகப் போட்டுவிட்டுப் போன 26 கண்ணிகளின் வரிசை. அது அங்கே இருப்பதே தாக்க வந்தவர்களுக்குத் தெரியாது.

இரண்டாம் உலகப்போரையும் இதே கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. 1939-ல் ஜெர்மனி போட்ட காந்தக் கண்ணி கடலடியில் கிடக்கும். அறுக்கக் கம்பி இல்லை. மேலே போகும் இரும்புக் கப்பலின் காந்தப்புலமே அதை வெடிக்க வைக்கும். அந்த நவம்பரில் இங்கிலாந்துக் கரையிலுள்ள ஷூபரினஸ் சேற்றில் ஒன்று சிக்கியது. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் ஊவ்ரி அதைக் கழற்றிப் பார்த்த பிறகே, மிதக்கும் கேபிள்களில் மின்சாரம் பாய்ச்சி வெடிக்க வைக்கும் முறை வந்தது.