அடிவயிற்று வலியும் ஸ்கேனும்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு

ஊரில் வயிறு வலித்தால் நாமே ஸ்கேன் சென்டருக்குப் போய்ப் பணம் கட்டிப் படம் எடுத்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரைப் பார்ப்பது பலருக்குப் பழக்கம். இங்குள்ள என்.எச்.எஸ். (அரசு சுகாதாரச் சேவை) மருத்துவமனைகளில் அப்படி முடியாது. ஸ்கேன் தேவையா, எந்த ஸ்கேன் என்பதை உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவரே முடிவு செய்வார். அந்த முடிவு பெரிதும் நீங்கள் வலியை எப்படி விவரிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அடிவயிற்று வலிக்குக் காரணமாக மருத்துவர்கள் தேடுவதில் முக்கியமானது குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) வீங்கும் அழற்சி. அதில் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கி, நடந்தாலும் இருமினாலும் கூடும். பசி போய்விடும், குமட்டும். இதைக் 'காஸ்ட்ரிக்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடாதீர்கள். கேட்பவர் நெஞ்செரிச்சல் என்றே எடுத்துக்கொள்வார். எப்போது தொடங்கியது, எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. குடும்ப மருத்துவரின் நேரத்துக்காக நாள்கணக்கில் காத்திராமல் என்.எச்.எஸ். ஆலோசனை எண்ணான 111ஐ அழையுங்கள், அல்லது அவசரப் பிரிவுக்கே செல்லுங்கள். வலி திடீரென்று பெருகி வயிறு முழுதும் பரவினால் அவசர எண்ணான 999ஐ அழையுங்கள்.

முதலில் இரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கப்படும். திருமணமாகாத பெண்ணுக்கும் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள். அதை யாரும் அவமதிப்பாகக் கொள்ள வேண்டாம். கருக்குழாயில் கரு தங்கினாலும் இதே இடத்தில் வலிக்கும் என்பதாலும், கதிர்வீச்சுள்ள ஸ்கேனுக்கு முன் கர்ப்பம் உண்டா என அறிய வேண்டும் என்பதாலும் அது கேட்கப்படுகிறது.

குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும், பெரும்பாலும் இளம்பெண்களுக்கும், முதலில் அல்ட்ராசவுண்ட்தான். நெதர்லாந்து மருத்துவர் பைலார்ட் 1986இல் விவரித்த முறைப்படி, கருவியால் வயிற்றை மெல்ல மெல்ல அழுத்திப் பார்ப்பார்கள்: நலமான குடல்வால் அழுத்தத்தில் தட்டையாகும், வீங்கியது அமுங்காது, அதன் விட்டமும் பொதுவாக 6 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கும். வலியைப் பொறுத்துக்கொண்டு பேசாமல் இருக்காதீர்கள். எந்த இடத்தில் அதிகம் வலிக்கிறது என்று நீங்கள் காட்டுவது, தேட வேண்டிய இடத்தை அவர்களுக்குச் சொல்கிறது.

நம்மவர்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்வது அடுத்து வரும் முடிவைத்தான். 'குடல்வால் தெரியவில்லை' என்று அறிக்கை வந்தால் நோய் இல்லை என்று பொருளாகாது. குடலில் உள்ள வாயு, உடல் பருமன், பெருங்குடலுக்குப் பின்னால் மறைந்து கிடக்கும் குடல்வால் ஆகியவற்றால் அல்ட்ராசவுண்டில் அது பல நேரம் தென்படாமலே போகும். அப்போது கதிர்வீச்சுள்ள சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள், அல்லது சில மணி நேரம் கவனித்து மீண்டும் பரிசோதிப்பார்கள். வீட்டுக்கு அனுப்பினால், எந்த அறிகுறி வந்தால், எவ்வளவு நேரத்துக்குள் திரும்பி வர வேண்டும் என்று எழுதி வாங்காமல் கிளம்பாதீர்கள்.

பெரியவர்களுக்குச் சி.டி.யே துல்லியமானது. இயற்கையிலிருந்து சில ஆண்டுகளில் நாம் பெறும் அளவு கதிர்வீச்சு அதில் உண்டு. ஆனாலும் வெடித்த குடல்வாலின் ஆபத்தோடு ஒப்பிட்டால், மருத்துவர் அவசியம் என்று சொல்லும்போது மறுப்பதற்கு அது காரணமாகாது என்பதே என் கருத்து. படம் தெளிவாகத் தெரிய நரம்பில் செலுத்தும் மருந்தால் உடல் சட்டென்று சூடாகும், சிறுநீர் கழிந்துவிட்டது போலத் தோன்றும். இரண்டும் உடனே அடங்கிவிடும். சர்க்கரைக்கு மெட்பார்மின் எடுப்பவர்களும், சிறுநீரகக் கோளாறோ முன்பு இம்மருந்தால் ஒவ்வாமையோ உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்கு, அல்ட்ராசவுண்டில் தெளிவு கிடைக்காவிட்டால், கதிர்வீச்சு இல்லாத எம்.ஆர்.ஐ. எடுப்பது உண்டு.

விசாவோடு சுகாதாரக் கட்டணம் செலுத்தியவர்களிடம் இதற்கெல்லாம் தனியே பணம் கேட்க மாட்டார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்க வருகையாளர் விசாவில் வந்திருக்கும் பெற்றோரின் நிலை வேறு: அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம், ஆனால் உள்நோயாளியாகச் சேர்த்த பிறகு ஆகும் செலவு பொதுவாக வழக்கமான என்.எச்.எஸ். கட்டணத்தின் 150 சதவீதமாகக் கணக்கிடப்படும். அவர்களுக்குப் பயணக் காப்பீடு எடுத்து, அதன் தாளை வீட்டில் எளிதில் எடுக்கும் இடத்தில் வையுங்கள். உடனடியாகத் தேவைப்படும் சிகிச்சையைப் பணத்துக்காக நிறுத்தி வைக்கக் கூடாது என்பது இங்குள்ள விதி. ஆகவே பில்லுக்கு அஞ்சி, அம்மாவின் வலியைக் கஷாயத்தோடு இரவு முழுதும் வீட்டில் வைத்திருக்காதீர்கள்.