மார்கழிக் காலையில் புது நைட்ரோ எஞ்சினா? கொஞ்சம் பொறுங்கள்

கடலூரில் குளிரா என்று கேட்டால் எனக்கும் சிரிப்புதான் வரும். மார்கழி விடியலில் தேவனாம்பட்டினம் பக்கம் போய் நின்றாலும் 20, 21 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம், அதற்கே நாம் மங்கி குல்லா மாட்டிக்கொண்டு டீக்கடை தேடுவோம். ஆனால் ரிமோட் வண்டிகளில் வரும், நைட்ரோ எரிபொருளில் ஓடும் புதுக் குட்டி எஞ்சினின் ரன்னிங்-இன், அதாவது முதல் சில டேங்க் மெதுவாக ஓட்டிப் பழக்குவது, கெட்டுப்போக அந்த 21 டிகிரியும் கொஞ்சம் வாடைக்காற்றும் போதும். என் முதல் ரிமோட் ட்ரக்கின் எஞ்சினை நான் அப்படித்தான் நான்கே நாளில் சாகடித்தேன். இப்போது அக்கா மகன் புது ட்ரக் வாங்கி, அதே மார்கழியில், அதே தவறுகளை வரிசையாகச் செய்ய வந்து நின்றான்.

அவனுடையது 21 எஞ்சின். அதாவது 0.21 கன அங்குலம், சுமார் மூன்றரை சிசி, ஒரு டீஸ்பூன்கூட நிரம்பாத இடம். பைக் பிஸ்டனில் இடைவெளியை அடைக்கச் சுற்றிலும் ரிங் இருக்கும். இந்தக் குட்டி எஞ்சின்களில் பெரும்பாலும் ரிங்கே கிடையாது: குரோம் பூசிய பித்தளைக் குழாய் (ஸ்லீவ்), அதற்குள் ஏறி இறங்கும் சிலிக்கான் கலந்த அலுமினிய பிஸ்டன், அவ்வளவுதான். ஸ்லீவின் மேல்பக்கம் மயிரிழை அளவுக்குக் குறுகலாகவே கடைந்திருப்பார்கள். அதனால்தான் புது எஞ்சினின் ஃப்ளைவீலை, அதாவது எஞ்சினோடு சேர்ந்து சுழலும் சக்கரத்தை, கையால் சுற்றினால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது 'கிறீச்' என்று கடித்துக்கொண்டு நிற்கும். பயப்படாதீர்கள், அந்தப் பிடிப்புதான் எஞ்சினின் உயிர். சூடேறியதும் பித்தளை அந்த அலுமினியத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக விரியும், 95, 100 டிகிரி வாக்கில் இரண்டும் சரியாகப் பொருந்திக்கொள்ளும். சூடேறாமலே ஓடவிட்டால் நிமிடத்துக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல் பிஸ்டன் அந்தக் குறுகலில் போய் இடித்து, தன் விளிம்பைத் தானே சுரண்டிக்கொள்ளும்.

இப்போது பழைய அறிவுரைக்கு வருவோம், எனக்கும் அதைத்தான் சொன்னார்கள்: "வண்டியை ஒரு பெட்டி மேல் வை, ரிச்சா வை, மூணு டேங்க் சும்மா ஐடிலில் ஓடட்டும்." ரிச் என்றால் காற்றுக்கு எரிபொருள் அதிகம், ஐடில் என்றால் ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் ஓடுவது. குளிர்காலையில் இதைவிட மோசமான யோசனை கிடையாது. நைட்ரோ எரிபொருளில் பெரும்பங்கு மெத்தனால். எடைக்கு எடை பார்த்தால் அது ஆவியாக பெட்ரோலைப் போல மூன்று மடங்கு சூட்டை உறிஞ்சும், ஆக ரிச்சாக ஊற்ற ஊற்ற எஞ்சின் உள்ளிருந்தே குளிர்ந்துகொண்டிருக்கும். வெளியே காற்றும் சில்லென்று அடித்தால் ஹெட் (எஞ்சினின் தலைப்பகுதி) 60, 70 டிகிரியைத் தாண்டாது. நான் மூன்று டேங்க் அப்படி ஓட்டிவிட்டு, ஆறியபின் ஃப்ளைவீலைச் சுற்றிப் பார்த்தேன். வெண்ணெயில் கத்தி போன மாதிரி சுற்றியது. 'ஆகா, நல்லா பழகிடுச்சு' என்று வேறு சந்தோஷப்பட்டேன், மடையன். பிடிப்பு போய்விட்டது என்று புரிய இன்னொரு வாரம் ஆனது, அதற்குள் சூடானால் ஸ்டார்ட்டே ஆகாத நிலைக்கு வந்துவிட்டது.

சரி, சூடு வேண்டும் என்று தெரிந்துவிட்டது, அடுத்து எல்லோரும் செய்கிற காரியம் நீடிலில், அதாவது எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் திருகில், கை வைப்பது. அக்கா மகனும் அதைத்தான் செய்தான். சூடு பார்க்கும் மீட்டரைக் காட்டி, "மாமா, எழுபதுதான் காட்டுது, நீடில அரை சுத்து மூடிடவா?" என்றான். "டேய், கைய எடு மொதல்ல!"

நீடிலை மூடி எரிபொருளைக் குறைத்து லீன் ஆக்கினால் சூடு ஏறும், மறுக்கவில்லை. ஆனால் இந்த எஞ்சினுக்குத் தனியாக ஆயில் கிடையாது, எரிபொருளில் கலந்து வருகிற ஆயில்தான் எல்லாவற்றுக்கும். எரிபொருளைக் குறைத்தால் ஆயிலும் குறையும், அதுவும் உலோகம் இன்னும் பழகாத நேரத்தில், முதலில் அடி வாங்குவது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு. தவிர, குளிர்ந்த காற்று அடர்த்தியானது, ஆக்சிஜன் அதிகம், அதனால் நீங்கள் எதையுமே தொடாமல் இருந்தாலும் மதிய வெயிலில் வைத்த செட்டிங் விடிகாலையில் தானாகவே கொஞ்சம் லீன் பக்கம் சாய்ந்திருக்கும். அதன் மேல் நீங்களும் மூடினால்? நீடிலை அசைத்தே ஆகவேண்டும் என்றால் கடிகார முகத்தில் 12லிருந்து 1க்குப் போகிற அளவுதான், அசைத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்தது. பின்னால் புகைக்கோடு எப்போதும் தெரிய வேண்டும்.

சூட்டுக்கு வழி வேறு. பரோட்டா பார்சல் கட்டுகிற சில்வர் ஃபாயில் இருக்கிறதே, அதை இரண்டு மடிப்பாக மடித்து ஹெட்டின் துடுப்புகளை (சூட்டை வெளியே விடும் தகடுகள்) சுற்றி முக்கால்வாசி மூடிவிடுங்கள். காற்றுதான் சூட்டைத் திருடுகிறது, திருடனை நிறுத்தினால் போதும், கல்லாவில் கை வைக்க வேண்டாம். குளோ பிளக் (எரிபொருளைப் பற்றவைக்கும் பிளக்) துளையை மட்டும் திறந்து விடுங்கள், கார்புரேட்டர், ஏர் ஃபில்டர் பக்கம் ஃபாயில் போகவே கூடாது. பழைய கம்பளி சாக்ஸின் நுனியை வெட்டிக்கூட மாட்டுகிறார்கள், எனக்கு அந்த நாற்றம் பிடிப்பதில்லை. சுற்றிய பின் அரை ஆக்சிலரேட்டர் வரை மெதுவாக ஏற்றி இறக்கி ஓட்டினால் ரிச்சாக இருக்கும்போதே 95ஐத் தொடும். எட்டு மணிக்கு வெயில் வந்ததும் ஃபாயிலைக் கழற்ற மறக்காதீர்கள், ஒருமுறை பேச்சு சுவாரசியத்தில் நான் மறந்து 125 வரை போய்விட்டது.

இன்ஃப்ராரெட் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். பளபளப்பான ஃபாயில் மேல் அடித்தால் அது பொய்தான் சொல்லும், மேலிருந்து பிளக் துளைக்குள் நேராக அடியுங்கள். மீட்டர் இல்லையா? ஹெட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், தோசைக்கல் மாதிரிதான். சும்மா தேங்கி நின்றால் எஞ்சின் ஆறிக் கிடக்கிறது, மூன்று நான்கு நொடியில் பொரிந்து போனால் சரியான சூடு, விட்டவுடன் 'சொய்ங்' என்று காணாமல் போனால் உடனே நிறுத்துங்கள்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஹேர் டிரையரால் நாலைந்து நிமிடம் ஹெட்டைச் சூடாக்கிவிட வேண்டும், விரல் வைத்து எடுக்கிற அளவுக்கு. இது செய்யாமல் ஜில்லென்ற எஞ்சினில் ஸ்டார்ட்டர் கயிற்றை வெறிகொண்டு இழுத்து அறுத்தவர்கள் ஏராளம். கயிறு திடீரென்று கல் மாதிரி நின்றுவிட்டால் உள்ளே எரிபொருள் நிரம்பிவிட்டது என்று அர்த்தம், பலம் காட்டாதீர்கள். பிளக்கைக் கழற்றி, வண்டியைக் கவிழ்த்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு நாலு இழு இழுத்தால் பீய்ச்சி வெளியேறிவிடும்.

எரிபொருள் டப்பாவைச் சூடாக்கலாமா என்று கேட்காதீர்கள். கூடவே கூடாது. மெத்தனால் நெருப்பு பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும். மூடியையும் இறுக்கமாக மூடுங்கள், நம் கடலோரக் காற்றின் ஈரத்தை அது குடித்துக்கொண்டே இருக்கும்.

பொங்கல் லீவுக்கு ஊட்டிக்கு ட்ரக்கைத் தூக்கிப் போகிறவர்கள் கடலூர் கணக்கை அங்கே போடக்கூடாது. குளிர் அதிகம்தான், ஆனால் ஊட்டி இருப்பது 2,240 மீட்டர் உயரத்தில், காற்றழுத்தம் இங்கே இருப்பதில் கிட்டத்தட்ட முக்கால் பங்குதான். குளிர்கிறதே என்று நீடிலைத் திறந்தால் அந்த மெலிந்த காற்றுக்கு எரிபொருள் அதிகமாகி எஞ்சின் இருமிக்கொண்டு நின்றுவிடும்.

ஒவ்வொரு டேங்க் முடிந்ததும் முழுசாக ஆறவிட வேண்டும், ஆனால் பிஸ்டன் கீழே இருக்கிற நிலையில். உச்சியில் நின்றபடி ஆறினால் சுருங்குகிற ஸ்லீவ் அதை அப்படியே கவ்விக்கொள்ளும். ஃப்ளைவீலில் அந்த இடத்தை நெயில் பாலிஷால் குறித்து வைத்திருக்கிறோம், அக்காவின் சிவப்பு. அன்றைக்கு ஓட்டி முடித்ததும் கார்புரேட்டரிலும் பிளக் துளையிலும் சில சொட்டு ஆஃப்டர்-ரன் ஆயில் விட்டு நாலு சுற்று சுற்றி வைக்கவில்லை என்றால் பேரிங் துருப்பிடித்துவிடும், அதற்கு மார்கழி, சித்திரை என்ற வித்தியாசமெல்லாம் இல்லை.

நாலு டேங்க் முடிந்து வண்டி ஆறிய பிறகு அக்கா மகனைச் சுற்றிப் பார்க்கச் சொன்னேன். சிவப்புக் குறியைத் தாண்டி, உச்சிக்கு வந்து, 'கிறீச்'. கொஞ்சம் மெலிந்த சத்தம், ஆனால் இருக்கிறது. "இன்னும் டைட்டாவே இருக்கே மாமா" என்று அவன் முகத்தைச் சுளித்தான்.