குடும்பப் படங்களுக்குச் சின்ன டிஜிட்டல் கேமரா: எதைப் பார்த்து வாங்குவது?

நல்ல வெயிலில் எந்தக் கேமராவும் நல்ல படம் தரும். ஆனால் குழந்தை தவழ்வதும், கேக் வெட்டுவதும், தாத்தா பேரனுக்குச் சோறு ஊட்டுவதும் டியூப் லைட் வெளிச்சத்தில்தான் நடக்கின்றன. அந்த வெளிச்சத்தை மனதில் வைத்தே கேமராவைத் தேர்ந்தெடுங்கள்.

1. மெகாபிக்சலை ஒதுக்கி வையுங்கள்

4×6 அங்குலப் பிரிண்டுக்கு 1800×1200 புள்ளிகள், அதாவது சுமார் 2 மெகாபிக்சல் போதும். ஏ4 அளவுக்கே 9 மெகாபிக்சலுக்குள் முடிந்துவிடும்.

2. சென்சார் அளவைக் கேளுங்கள்

சென்சார் என்பது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு. விலை குறைந்த மாடல்களில் பெரும்பாலும் 1/2.3 அங்குல சென்சார் இருக்கும்: 6.17×4.55 மி.மீ. '1 அங்குலம்' என்று விற்கப்படுவது 13.2×8.8 மி.மீ. பரப்பில் நான்கு மடங்கு. கையில் ஓரளவு நல்ல போன் இருந்தால், சிறிய சென்சார் கேமராவால் ஜூமைத் தவிரப் பெரிய லாபம் இல்லை. பட்ஜெட் இடம் கொடுத்தால் 1 அங்குலத்துக்கே போங்கள்.

3. லென்ஸில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எஃப் எண் என்பது லென்ஸ் துவாரம் எவ்வளவு திறக்கும் என்ற அளவு; அது குறையக் குறைய உள்ளே வரும் வெளிச்சம் கூடும். மி.மீ. எண் சிறிதானால் காட்சி அகலும், பெரிதானால் தூரத்தில் இருப்பது அருகில் தெரியும். சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில் 2014-இல் வந்த மூன்றாம் மாடல் 24–70 மி.மீ., எஃப் 1.8–2.8. 2019-இல் வந்த ஏழாம் மாடல் 24–200 மி.மீ., எஃப் 2.8–4.5. ஜூம் போடாத நிலையில் பழையதுதான் சுமார் 2.4 மடங்கு அதிக வெளிச்சம் வாங்கும். புதியதில் ஃபோகஸ் வேகம் அதிகம், ஜூமும் நீளம்; பள்ளி விளையாட்டு விழாவுக்கு அதுவே சரி. வீட்டுக்குள் எடுப்பதே அதிகம் என்றால் எஃப் 1.8 லென்ஸைத் தேடுங்கள். கேனன் ஜி7 எக்ஸ் மார்க் 2, மார்க் 3 இரண்டும் 24–100 மி.மீ., எஃப் 1.8–2.8.

மி.மீ. கணக்கில் தொடக்க எண் 24 ஆக இருப்பதும் முக்கியம். இரண்டரை மீட்டர் தள்ளி நின்றால் 24-இல் சுமார் 3.75 மீட்டர் அகலம் அடங்கும், 28-இல் 3.2 மீட்டர்தான். சின்னக் கூடத்தில் ஓரத்தில் நிற்கும் சித்தி வெட்டுப்படுவது இதனால்தான். டிஜிட்டல் ஜூம் எத்தனை மடங்கு என்றாலும் கணக்கில் சேர்க்காதீர்கள். அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே.

4. கடையிலேயே சோதியுங்கள்

உங்கள் மெமரி கார்டைக் கொண்டுபோய்ப் போடுங்கள். ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் முறைக்கு டயலைத் திருப்புங்கள்: சோனி டயலில் எஸ் (S), கேனனில் டிவி (Tv) என்று எழுதியிருக்கும். வேகம் 1/250 நொடி; ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு, ஆட்டோ. கூட வந்தவரை உங்களை நோக்கி நடக்கச் சொல்லிப் பத்துப் படம் எடுங்கள். வீட்டில் கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கிக் கண்களைப் பாருங்கள்.

சுவர் தெளிவு, முகம் ஒரு பக்கமாக இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. 1/500 வைத்துப் பார்க்கலாம். இழுபடாமல் முகம் மட்டும் மங்கியிருந்தால் ஃபோகஸ் சுவருக்குப் போயிருக்கிறது. முகம் கண்டறியும் வசதியை இயக்குங்கள். படம் முழுக்க இழுபட்டிருந்தால் கை நடுங்கியிருக்கிறது. ஸ்டெபிலைசேஷன் கை நடுக்கத்தை மட்டுமே தாங்கும், ஓடும் குழந்தையை நிறுத்தாது. குறுக்கே கருப்புப் பட்டைகள் விழுந்தால் எலக்ட்ரானிக் ஷட்டரை மாற்றி மெக்கானிக்கல் வையுங்கள்.

5. பழையது வாங்கினால்

பத்துத் தடவை ஆன், ஆஃப் செய்யுங்கள். லென்ஸ் கரகரத்தாலோ பாதியில் நின்றாலோ வேண்டாம். உள்ளே மணல் போயிருக்கலாம். எஃப் 11-இல் வெள்ளைச் சுவரைப் படம் எடுங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. கழற்ற முடியாத லென்ஸ் என்பதால் பிரித்துத்தான் துடைக்க வேண்டும். டார்ச் அடித்து லென்ஸுக்குள் பாருங்கள், சிலந்திவலை போல இழைகள் இருந்தால் பூஞ்சை. எஸ்டிஹெச்சி (SDHC) வகை மெமரி கார்டு வரை மட்டும் ஏற்கும் பழைய கேமராவில் 32 ஜிபி வரையான கார்டே ஓடும்.

6. முதல் நாள்

கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். அதிலுள்ள படங்கள் அழியும், முதலில் கணினிக்கு மாற்றிவிடுங்கள். ஆட்டோ ஐஎஸ்ஓ உச்சவரம்பை 3200 ஆக வையுங்கள். தேதி, நேரத்தைச் சரிசெய்த பிறகே முதல் படம். தேதி தவறினால், பின்னால் போன் படங்களோடு சேர்க்கும்போது பிறந்தநாள் படங்கள் வேறு ஏதோ வருடத்தில் போய் உட்கார்ந்திருக்கும்.