வயிறு உப்பாமல் நார்ச்சத்தைக் கூட்டுவது எப்படி? முதன்முறை முயல்பவர்களுக்கு நான்கு வாரச் செய்முறை

ஒரு திங்கட்கிழமையிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடுவது என்று முடிவெடுத்தேன். காலையில் முளைகட்டிய பயறு ஒரு கிண்ணம் பச்சையாக, மதியம் சோற்றைப் பாதியாக்கி வாழைத்தண்டுப் பொரியல், சாயங்காலம் கொண்டைக்கடலைச் சுண்டல், ராத்திரி கேப்பைக்களி. புதன்கிழமை மதியம் அலுவலகக் கூட்டத்தில் என் வயிறு போட்ட சத்தம் பக்கத்து நாற்காலி வரைக்கும் கேட்டது. வியாழக்கிழமை இட்லி, சட்னிக்கே திரும்பிவிட்டேன். நமக்கு இதெல்லாம் ஒத்துக்காது என்று ஒரு வருஷம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

ஒத்துக்கொள்ளாதது சாப்பாடு இல்லை, நான் போன வேகம். அதே சாமான்களை நான்கு வாரமாகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தபோது பெரிய தொந்தரவு ஒன்றும் வரவில்லை. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: இரண்டு டம்ளர் சோதனை

ராத்திரி ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் வெந்தயம் போடுங்கள். இன்னொரு டம்ளரில், கோதுமை மாவு சலிக்கும்போது சல்லடையில் தங்குமே அந்தத் தவிடு, அதில் ஒரு ஸ்பூன். காலையில் பார்த்தால் வெந்தயம் ஊதிப்போய், தொட்டால் வழவழவென்று இருக்கும். தவிடு நனைந்து அடியில் கிடக்கும், மேலே தண்ணீர் தண்ணீராகவே நிற்கும்.

நார்ச்சத்தின் இரண்டு வகையும் இவ்வளவுதான். வெந்தயம், வெண்டைக்காய், ஓட்ஸ், இசப்கோல் (மலச்சிக்கலுக்குத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிற ஒரு விதையின் உமி) இவற்றில் உள்ள நார் தண்ணீரை இழுத்துக் கூழாகி, மலத்தை இளக்கமாக வைக்கிறது. தவிடு, கீரைத்தண்டு, காய்கறித் தோலில் உள்ளது பெரும்பாலும் கரையாத நார். அது மலத்துக்குப் பருமன் கொடுத்துக் குடலை நகர்த்துகிறது. அநேகக் காய்கறிகளில் இரண்டும் கலந்தே இருப்பதால் எதைத் தின்றால் எது கிடைக்கும் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் வாயு. நாரைச் செரிக்கிற நொதிகள் நம் சிறுகுடலில் கிடையாது, அதனால் அது அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது, அங்கே குடியிருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் அதில் ஒரு பங்கைப் புளிக்கவைத்துத் தின்கின்றன, இட்லி மாவு பொங்குகிற மாதிரிதான். அதில் சில அமிலங்கள் உண்டாகின்றன, அவற்றில் பியூட்டிரேட் என்பது பெருங்குடலின் உட்சுவருக்கே சாப்பாடு. கூடவே ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேனும். ஆக, கொஞ்சம் வாயு வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். திடீரென்று நான்கு மடங்கு தீனி போட்டால்தான் தாங்காது.

முதல் படி: இப்போது எப்படி இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்

மூன்று நாள் போதும். எத்தனை தடவை போனது, முக்க வேண்டியிருந்ததா, எப்படி இருந்தது. கூச்சப்படாமல் எழுதுங்கள், நோட்டை யாரும் பார்க்கப்போவதில்லை. மலத்தின் வடிவத்தை ஏழு வகையாகப் பிரிக்கும் பிரிஸ்டல் அட்டவணை என்று ஒன்று 1997 முதல் புழக்கத்தில் உள்ளது. ஆட்டுப்புழுக்கை மாதிரி உருண்டை உருண்டையாக வந்தால் 1, முழுக்கத் தண்ணீராகப் போனால் 7. வாழைப்பழம் மாதிரி வழுவழுவென்று வருவது 4, அதுதான் நாம் விரும்புவது. தினமும் போயே ஆகவேண்டும் என்பதில்லை, நாளைக்கு மூன்று தடவையிலிருந்து வாரத்துக்கு மூன்று தடவை வரை சாதாரணம்தான்.

அப்புறம் ஒரு நாள் அவித்த மக்காச்சோளம் சாப்பிட்டு நேரத்தைக் குறித்துவையுங்கள். அதன் தோல் செரிக்காமல் மஞ்சளாக அப்படியே வெளியே வரும், வந்த நேரத்தையும் குறியுங்கள். உங்கள் குடலின் வேகம் தோராயமாகத் தெரிந்துவிடும். பீட்ரூட்டிலும் பார்க்கலாம், ஆனால் சாப்பிட்டதை மறந்துவிட்டு மறுநாள் சிவப்பைப் பார்த்து அலறக்கூடாது.

முதல் வாரம்: ஒரு பழம், அவ்வளவுதான்

உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி பெரியவர்களுக்கு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார் வேண்டும். வெள்ளைச் சோறு 100 கிராமில் அரை கிராம்கூடத் தேறாது. ஒரு வாழைப்பழத்தில் சுமார் 3 கிராம். 100 கிராம் கொய்யாவில் 5 கிராமுக்கு மேல். வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கப்பில் சுமார் 12.

இந்த வாரம் வேறு எதையும் மாற்றாமல் தினமும் ஒரு கொய்யாப்பழம் மட்டும் சேருங்கள். தோலோடு, விதையோடு. ஜூஸ் போட்டு வடிகட்டினால் நார் சல்லடையில் தங்கிவிடும், நீங்கள் குடிப்பது சர்க்கரைத் தண்ணீர். வாழைத்தண்டு ஜூஸை வடிகட்டிக் குடித்துவிட்டு நார்ச்சத்துக்காகக் குடிக்கிறேன் என்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

தண்ணீரையும் ஓரிரண்டு டம்ளர் கூட்டுங்கள். இத்தனை லிட்டர் என்று கணக்கு வேண்டாம், சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். தண்ணீர் குடிக்காமல் நாரை மட்டும் ஏற்றினால் மலச்சிக்கல் கூடத்தான் செய்யும்.

இரண்டாம் வாரம்: ஒரு வேளைத் தானியத்தை மாற்றுங்கள்

சிறுதானியம் என்று பையில் எழுதியிருந்தாலே நார் நிறைய என்று நம்பிவிடாதீர்கள். கடையில் வெள்ளை வெளேரென்று கிடைக்கும் வரகும் சாமையும் பெரும்பாலும் தீட்டப்பட்டவை, தவிட்டோடு நாரில் பெரும்பங்கும் போயிருக்கும். கொஞ்சம் பழுப்பாக, மங்கலாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். இந்த விஷயத்தில் கேழ்வரகு நம்பகமானது, அதன் தோல் தானியத்தோடு ஒட்டியிருப்பதால் வழக்கமாக முழுசாகவே அரைக்கிறார்கள். மாவை நைசாகச் சலித்துத் தவிட்டைக் கொட்டினால் மட்டும் பிரயோஜனம் இல்லை. வாரத்தில் நான்கு நாள் ஒரு வேளை கேப்பை அடையோ கூழோ போதும். சோற்றை விட முடியாது என்பவர்கள் விடவே வேண்டாம், காயை இரண்டு கரண்டி கூட்டுங்கள். சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் சிறு பங்கு செரிக்காத வகையாக மாறி நார் போலவே வேலை செய்கிறது, அந்த வகையில் பழைய சோறு நல்லதுதான், ஆனால் அதைச் சர்வரோக நிவாரணி என்று தூக்கிவைத்து ஆட வேண்டாம்.

மூன்றாம் வாரம்: பயறு (நான் கோட்டைவிட்ட இடம்)

பயறுகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சில சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கும் நொதியும் நமக்கில்லை, பாக்டீரியாக்களுக்குத்தான் விருந்து. கொண்டைக்கடலை தின்ற ராத்திரி வயிறு மத்தளமாவது இதனால்தான்.

இப்படிச் செய்யுங்கள். ராத்திரி நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சத்து போய்விடுமே என்று அம்மா சொல்வார், கொஞ்சம் போகும்தான், ஆனால் அந்தச் சர்க்கரையும் சேர்ந்து போகும். இரண்டு தடவை அலசி, புதுத் தண்ணீர் ஊற்றி, விரலால் நசுக்கினால் மசிகிற பதத்துக்கு வேகவிடுங்கள். பல்லில் நறுக்கென்று படுகிற சுண்டல் கோயில் பிரசாதத்துக்கு நன்றாக இருக்கலாம், பழகாத வயிற்றுக்கு ஆகாது. முளைகட்டினால் அந்தச் சர்க்கரை இன்னும் குறையும், ஆனால் முளைகட்டியதையும் வேகவைத்தே சாப்பிடுங்கள்.

பாசிப்பயறில் தொடங்குங்கள், அடுத்து தட்டைப்பயறு, கொண்டைக்கடலையும் ராஜ்மாவும் கடைசியில். முதலில் இரண்டு மூன்று ஸ்பூன், வாரத்தில் இரண்டு நாள். பெருங்காயம், இஞ்சி தாராளமாகப் போடுங்கள், வாசனைக்காகவாவது இருக்கட்டும், ஆனால் அதைப் போட்டுவிட்டேன் என்று ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் விடாதீர்கள்.

உப்புசம் வந்தால் பயறை நிறுத்த வேண்டாம், அளவைப் பாதியாக்கி ஒரு வாரம் அங்கேயே நில்லுங்கள்.

நான்காம் வாரம்: தூக்கிப் போடுவதைத் தட்டுக்குக் கொண்டுவருவது

பீர்க்கங்காய்த் தோலைத் துவையல் அரையுங்கள். கீரையை ஆய்ந்து இலையை மட்டும் எடுக்காமல் இளந்தண்டையும் பொடியாக நறுக்கிச் சேருங்கள். வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்கி, ஒவ்வொரு வில்லைக்கும் நாரை விரலில் சுற்றி எடுத்து, மோர்த்தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தேன் ஒரு நாள். அக்கா மகன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “சித்தி, நாரையெல்லாம் எடுத்து எறிஞ்சுட்டு நார்ச்சத்துன்னு சொல்றீங்களே?” என்றான். விரலில் வருவது வாயில் சிக்கும் நூல் மட்டும்தான், நார் தண்டு முழுக்க இருக்கிறது என்று சொன்னேன். அவன் நம்பவில்லை.

காலைச் சாப்பாடு வயிற்றில் விழுந்ததுமே பெருங்குடல் அசையத் தொடங்கும். அந்த அரைமணி நேரத்துக்குள் கழிப்பறைக்குப் போய்ப் பழகுங்கள், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அடக்காதீர்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்குக் கீழே சின்ன முக்காலி போட்டு முட்டியை உயர்த்தினால் சுலபமாக வரும். போன் வெளியே இருக்கட்டும்.

இவர்கள் மட்டும் முதலில் டாக்டரிடம் கேளுங்கள்

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, 45 வயதுக்கு மேல் புதிதாக வந்த மலச்சிக்கல், இதில் எது இருந்தாலும் கொய்யாப்பழம் வைத்தியம் பார்க்க வேண்டாம். குடலில் அடைப்போ அறுவைச் சிகிச்சையோ நடந்தவர்கள், பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகள், வெங்காயம், பூண்டு, பயறு எதைத் தொட்டாலும் வலி வருகிறவர்கள், இவர்களுக்கு இந்த வரிசை அப்படியே பொருந்தாது. இசப்கோல் எடுப்பவர்கள் ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலக்கி உடனே குடியுங்கள், வாயில் கொட்டி விழுங்கினால் தொண்டையிலேயே ஊதி அடைக்கும். மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

நான்காம் வாரம் முடிந்ததும் மறுபடி ஒரு மக்காச்சோளம் வாங்கி நேரத்தைக் குறியுங்கள். எனக்கு முதல் தடவை சனிக்கிழமை சாயங்காலம் சாப்பிட்டது செவ்வாய் காலையில்தான் வந்தது. இரண்டாவது தடவை, அதே சனிக்கிழமைச் சோளம், திங்கள் காலை ஏழு மணிக்கு.