சமதரைதானே என்று நினைக்காதீர்கள்: டெல்டா கடற்கரையில் குழுவாக நடக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வர்க்கலையின் செம்பாறை முகட்டில் நடப்பவருக்குக் கடல் காலுக்குக் கீழே தெரியும். பயம் தானாக வரும், கால் தானாக உள்பக்கம் ஒதுங்கும். எங்கள் காவிரிக் கரையில் அந்தப் பயத்துக்கு வழியில்லை. வடக்கே கொள்ளிடம் கடலில் சேரும் பழையாறு தொடங்கி தெற்கே கோடியக்கரை வரை மணல், சவுக்குத் தோப்பு, கழி, மீனவர் ஊர், மறுபடி மணல். குன்று என்று சொல்ல ஒன்றும் கிடையாது. "தரையில நடக்கறதுக்கு வழிகாட்டி எதுக்கு?" என்று குழுவில் யாராவது ஒருவர் ஒவ்வொரு முறையும் கேட்கிறார். மற்ற தவறுகள் எல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் முளைக்கின்றன.

நான் மாயவரத்துக்காரன். பூம்புகாருக்குத் தெற்கே வானகிரியில் தொடங்கி, சின்னங்குடி, தாழம்பேட்டை வழியாகத் தரங்கம்பாடி வரை கரையோரமாகவே நடப்பது எங்கள் குழுவின் வழக்கம். ஏறக்குறைய 12 கிலோமீட்டர். பல தடவை நடந்தாகிவிட்டது. ஒரு தடவை பார்த்த கரையை அடுத்த தடவை நான் பார்த்ததில்லை. போன மாதம் அகலமாகக் கிடந்த மணல் இந்த மாதம் பாதிதான் இருக்கும். நடந்து கடந்த வாய்க்கால் ஆளை மூழ்கடிக்கும். அதனால்தான் அன்றைக்குக் காலையில் அந்தக் கரையைப் பார்த்த ஒருவர் முன்னால் போக வேண்டும் என்கிறேன். கைப்பேசியில் இருக்கும் வரைபடம் என்றைக்கோ எடுத்த படம்.

முகத்துவாரத்தில் செய்யும் தவறு

பெரிய தவறு இதுதான், நானே செய்தது. முதல் வருடம் வழிகாட்டி இல்லாமல் ஏழு பேர் போனோம். வடிகால் ஒன்று கடலில் சேரும் இடத்தைக் காலை ஏழு மணிக்குக் கடந்தோம். கணுக்கால் அளவு தண்ணீர், அடியில் நெளிநெளியாக மணல் வரி தெளிவாகத் தெரிந்தது. சாப்பாடு, படம், அரட்டை எல்லாம் முடித்து அதே வழியில் திரும்பும்போது மதியம் தாண்டிவிட்டது. அதே இடத்தில் தண்ணீர் கலங்கி நின்றது. நண்பரின் அக்கா முதலில் இறங்கினார். நான்கு எட்டு வைப்பதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்தது. அதைவிடப் பயங்கரம், கால் ஊன்றிய மணல் அவர் பாதத்துக்கு அடியிலேயே கரைந்து கடல் பக்கம் ஓடியது. பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். "பையை விட்டுட்டு வாங்க அக்கா!" என்று கத்தினோம். பையை விட்டார், நாங்கள் கைகோத்து இழுத்தோம். பை போயிற்று. இன்றைக்கும் அந்த இடம் வந்தால் எனக்கு வயிறு பிசையும்.

ஏன் அப்படி ஆயிற்று என்று பிறகு புரிந்துகொண்டேன். சோழமண்டலக் கரையில் ஓதம், அதாவது கடல்மட்டம் தினமும், ஏறி இறங்கும் உயரம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்கும் குறைவு. கேட்பதற்குச் சின்ன அளவு. ஆனால் முகத்துவாரம் தட்டையான இடம். அங்கே கடல் ஒன்றரை அடி ஏறினால் கணுக்கால் தண்ணீர் தொடைக்கு வந்துவிடும். ஒரு நாளில் இரண்டு தடவை ஏற்றம், இரண்டு தடவை வற்றம். மறுநாள் அதே ஏற்றம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் கூடுதலாக ஏறும். "போன ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குக் கடந்தோமே" என்ற கணக்கு இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு உதவாது.

மேலிருந்து வரும் தண்ணீர் தனிக் கணக்கு. கோடையில் ஆற்றில் ஓட்டம் இல்லாதபோது அலை கொண்டுவரும் மணல் சிறு வடிகால்களின் வாயை அடைத்துவிடும். அப்போது மணல் திட்டின் மேல் நடந்தே போகலாம். மேட்டூரில் ஜூன் 12-ஐ ஒட்டித் தண்ணீர் திறந்து வயல்களுக்குப் பாய ஆரம்பித்ததும் வடிகால்களில் ஓட்டம் வரும். ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீர் மொத்தமும் இந்த வாய்கள் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. உள்ளே தேங்கிய தண்ணீர் மணல் திட்டை உடைக்கும்போது, காலையில் கரையாக இருந்த இடம் மாலையில் ஆறாக ஓடும். உங்கள் தலைக்கு மேல் வானம் பளிச்சென்று இருந்தாலும் மேற்கே பெய்த மழை வந்து சேரலாம்.

இப்போது எங்களுக்கு வழிகாட்டுபவர் கடலில் முப்பது வருடம் தொழில் செய்தவர். முகத்துவாரம் வந்ததும் எல்லோரையும் நிறுத்திவிட்டுத் தன் கம்பை ஊன்றி ஊன்றித் தனியாகப் போய் வருவார். ஒரு தடவை பாதியிலேயே திரும்பி வந்தார். "தம்பி, முந்தாநாள் இங்க முழங்கால் தண்ணி. இன்னிக்கு அடிமண்ணு நிக்கல. ரோட்டு வழியா சுத்திப் போயிடுவோம்." குழுவில் இரண்டு பேருக்கு முகம் சுருங்கியது. சுற்றுவதென்றால் கூடுதலாக ஒரு மணி நேரம் வெயிலில் நடக்க வேண்டும். அந்த நேரத்தில் வழிகாட்டியோடு வாதாடுவது, "நான் நீச்சல் தெரிஞ்சவன்" என்று தனியாக இறங்குவது இரண்டும் மன்னிக்க முடியாத தவறு. அடிமண் ஓடும் இடத்தில் நீச்சல் கைகொடுப்பதற்கு முன்பே ஆள் கடலுக்குள் போயிருப்பார்.

மணல் சுவரும் தூண்டில் வளைவும்

பாறை முகடு இல்லை என்றேன். அதற்கு ஒரு தம்பி இங்கேயும் உண்டு. வாடைக் காலத்தில் அலை கரையை அரித்து, மணலைச் சுவர் போலச் செங்குத்தாக வெட்டிவிடும். சில இடங்களில் இடுப்பளவு, சில இடங்களில் ஆள் உயரம். மேலே அடம்புக் கொடி பச்சைப் பசேலென்று விளிம்பு வரை படர்ந்து கிடக்கும், ஊதாப்பூ பூத்திருக்கும். படம் எடுக்க அழகான இடம். குனிந்து பக்கவாட்டில் பாருங்கள்: கொடிக்கு அடியில் மண் இல்லை, வேர்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. அந்த விளிம்பில் நின்றால் மணல் மொத்தமாகச் சரியும். அதைவிட மோசம், வெயிலுக்கு ஒதுங்கி அந்தச் சுவரின் அடியில் உட்காருவது. பிள்ளைகள் குடைந்து குகை செய்யப் பார்ப்பார்கள். சரியும் மணல் சத்தமே போடாது. விளிம்பிலிருந்து இரண்டு ஆள் நீளம் உள்ளே தள்ளியே நடக்க வேண்டும்.

கடலரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டிய தூண்டில் வளைவுகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் கரையில் வருடக் கணக்கில் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அதனால் கல் தடுப்பின் தென்பக்கம் மணல் சேரும், வடபக்கம் அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டியபின் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை தேய்ந்ததும் இதே காரணத்தால்தான். வடக்கிலிருந்து தெற்கே நடக்கும் எங்களைப் போன்ற குழுவுக்கு இதன் பொருள் எளிது: தடுப்பை நெருங்க நெருங்கக் கரை குறுகும். அங்கே போய் மாட்டிக்கொண்டு கல் மேல் ஏறித் தாண்டப் பார்ப்பார்கள். கல்லில் வழுவழுவென்று பாசி படிந்திருக்கும், இடுக்கில் கால் சிக்கினால் எலும்பு முறியும். தடுப்பு தூரத்தில் தெரியும்போதே ஊருக்குள் ஏறிவிடுங்கள்.

தூரக் கணக்கு

பன்னிரண்டு கிலோமீட்டர்தானே, மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். அது தார் ரோட்டுக் கணக்கு. உலர்ந்த பொதமணலில் நடக்க, கெட்டித் தரையில் செலவாவதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். அலை நனைத்துவிட்டுப் போன ஈரமணல்தான் கெட்டி, ஆனால் அது கடல் பக்கம் சரிந்திருக்கும். ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயுமாக ஐந்தாறு கிலோமீட்டர் போனால் இடுப்பும் ஒரு பக்க முழங்காலும் பிடித்துக்கொள்ளும். அதனால் எங்கள் வழிகாட்டி நடுநடுவே மேட்டுக்கு ஏற்றி, சவுக்குத் தோப்புக்குள் சமதரையில் கொஞ்ச தூரம் கூட்டிப்போவார்.

1930-இல் ராஜாஜி தலைமையில் உப்பு எடுக்கப் போனவர்களை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 13 அன்று திருச்சியில் கிளம்பி 28 அன்று வேதாரண்யம் சேர்ந்தார்கள். நூறு பேர் அளவில், சுமார் 150 மைல், நாளுக்குப் பத்து மைல் வீதம், இதே டெல்டா வெயிலில். அவ்வளவு உறுதியோடு கிளம்பியவர்களே ஒரு நாளுக்கு அந்த அளவுதான் வைத்தார்கள். வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மணலில் இருபத்தைந்து கிலோமீட்டர் என்று திட்டம் போடுவது உடம்புக்குச் செய்யும் அநியாயம்.

காலை ஐந்தரைக்கு நடக்க ஆரம்பித்துப் பதினொன்றுக்குள் முடிப்பதே சரி. கடல் காற்று எழும்பியதும் வெயில் தணிந்தது போலத் தோன்றும். தணிவதில்லை. வியர்வையை உடனுக்குடன் காற்று உலர்த்திவிடுவதால் எவ்வளவு தண்ணீர் இழந்தோம் என்பது தெரியாது. தலை சுற்றும்போதுதான் தெரியும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், அதோடு உப்புப் போட்ட நீர்மோர் அல்லது உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம். வழியில் கடை இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதை வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "எதுக்குச் சொல்லிக்கிட்டு" என்று மறைத்த ஒரு பெரியவர் எட்டாவது கிலோமீட்டரில் கண் இருட்டி உட்கார்ந்தார். பையில் இருந்த கடலைமிட்டாய்தான் அன்றைக்குக் காப்பாற்றியது.

செருப்பு விஷயம் சுருக்கம்: பின்வார் உள்ள சாண்டல் போதும். வெறுங்கால் வேண்டாம். ராவணன் மீசை என்கிற கடற்கரைப் புல்லின் முள்ளும், மணலில் புதைந்த தூண்டில் முள்ளும் மீன் எலும்பும் பதம் பார்க்கும். கரை ஒதுங்கிய சொறியை (ஜெல்லி மீனை) தொடாதீர்கள், காய்ந்து கிடந்தாலும் அரிக்கும். பட்டுவிட்டால் தேய்க்காமல், நல்ல தண்ணீர் ஊற்றாமல், கடல் தண்ணீராலேயே கழுவ வேண்டும்.

நாம் நடப்பது அவர்கள் வாசல்

நமக்குச் சுற்றுலா, மீனவர்களுக்கு அது களம். வலை காயும், கருவாடு காயும், படகுக்குப் பிசின் பூசிக்கொண்டிருப்பார்கள். வலையைச் செருப்புக் காலோடு மிதித்துப் போன ஒருவரை ஒரு பாட்டி கூப்பிட்டு நிறுத்தினார். "ஏன் தம்பி, உன் வீட்டு அடுப்படியில இப்படித்தான் நடப்பியா?" அவர் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம். படம் எடுக்கும் முன் கேளுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்த கரை இது. எந்த வீட்டில் யாரை இழந்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. "சுனாமி வந்தப்ப எப்படி இருந்துச்சு?" என்று போகிற போக்கில் கேட்பதைவிட வேறு கொடுமை இல்லை. அவர்களாகச் சொன்னால் நின்று கேளுங்கள். பெரிய குழுவாகப் போவதென்றால் ஊர் பஞ்சாயத்தாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நாளைக்கு ஓர் ஆபத்து என்றால் படகை இறக்கி வரப்போவது அவர்கள்தான். வழிகாட்டியின் கூலியில் பேரம் பேசுவதும் அதே பட்டியலில் சேரும். அவர் அன்றைய கடல் தொழிலை விட்டுவிட்டு நம்மோடு வருகிறார்.

கோடியக்கரைப் பக்கம் நடப்பவர்களுக்கு விதி வேறு. அது 1967 முதல் சரணாலயம், 2002-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம். வனத்துறை அனுமதியும் அவர்கள் காட்டும் பாதையும் இல்லாமல் போகக்கூடாது. அங்கே ஏமாற்றுவது சேற்றுத் தரை. மேலே உப்புப் பூத்து வெள்ளை வெளேரென்று காய்ந்த களம் போல இருக்கும். பூநாரைக் கூட்டத்தைக் கிட்டத்தில் எடுக்கலாம் என்று கால் வைத்தால் மேல்தோல் உடைந்து, முழங்கால் வரை கறுப்புச் சேறு உள்வாங்கும். இழுக்க இழுக்க மற்றொரு காலும் இறங்கும். பறவைகளும் கலைந்துவிடும். தொலைநோக்கி எடுத்துப் போங்கள். தை, மாசியில் இருட்டோடு கரையில் நடந்தால் டார்ச்சைத் தாழ்த்திப் பிடியுங்கள், முட்டையிட ஏறும் ஆமை வெளிச்சம் கண்டால் திரும்பிவிடும்.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியது ஒன்று. நாகப்பட்டினம், காரைக்கால் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால், அது ஒன்றாம் எண்ணாக இருந்தாலும், நடையைத் தள்ளிவையுங்கள். கரையில் வானம் தெளிவாக இருக்கலாம், அலை முன்னாலேயே வந்துவிடும். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554, ஆம்புலன்ஸ் 108 மூன்றையும் எல்லோருடைய கைப்பேசியிலும் ஏற்றி வைக்கிறோம்.

நடக்கும்போது வரிசைக்கு ஒரு தலை, ஒரு வால். வழிகாட்டிக்கு முன்னால் யாரும் போகக்கூடாது, வாலில் வரும் ஆளுக்குப் பின்னால் யாரும் தங்கக்கூடாது. வாலுக்கு நாங்கள் குழுவிலேயே பொறுமையான ஆளைப் போடுவோம், வேகமான ஆளை அல்ல. குழுவின் வேகம் மெதுவாக நடப்பவருடையது. முன்னால் போனவர்கள் நின்று காத்திருந்து, பின்னால் வந்தவர் சேர்ந்ததும் உடனே கிளம்பிவிடும் வழக்கம் எல்லாக் குழுவிலும் உண்டு. ஓய்வு தேவைப்படுகிற ஆளுக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. கடைசி ஆள் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகு பத்து நிமிடம், அப்புறம்தான் அடுத்த அடி.

தரங்கம்பாடி கண்ணில் பட்டதும் எல்லாக் கட்டும் அவிழ்ந்துவிடும். 1620-இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டை, கடல் அரித்தது போக நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில். ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். களைத்த உடம்போடு கடலில் குளிக்க இறங்குவதும் அப்போதுதான். இரண்டு அலை உடையும் இடங்களுக்கு நடுவே, நுரையில்லாமல் கொஞ்சம் கருத்து அமைதியாக ஒரு பட்டை தெரிந்தால் அதுதான் ஆளைக் கடலுக்குள் கொண்டுபோகும் இழுப்பு, குளிக்க வசதியான இடம் போலத் தோன்றுவதும் அதுவே. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். எங்கள் குழுவில் முடிந்தபின் குளியல் கிடையாது. கோட்டைக்கு முன்னால் வழிகாட்டி அண்ணன் ஒன்று, இரண்டு என்று தலை எண்ணுவார், தன்னையும் சேர்த்து. எண்ணிக்கை சரியாக வந்தபிறகுதான் டீக்கடைக்கு.